முகமறியா நண்பர்க்கு ஓர் அஞ்சலட்டை

(அறக்கட்டளையின் ஆண்டு விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் என்னிடம், "ஐயா, இவ்வாண்டும் இலக்கியத் தலைப்பு ஒன்றில் பேச வேண்டும்" என்று கேட்டுக்கொண்டனர். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் இலக்கியமே பேசியவன் நான். எனவே இம்முறை வேறொரு பொருள்பற்றிப் பேச அனுமதி வேண்டினேன். அவர்களும் அன்போடு இசைந்தனர். பணி ஓய்வு பெற்ற நாள்முதல் என் பொழுதை இனிதாக்கிவரும் ஒரு பழக்கத்தைப் பற்றியே இங்குப் பேசவிருக்கின்றேன். உலகின் பல நாடுகளில் வாழும், நான் ஒருமுறையும் கண்டிராத மனிதர்களோடு அஞ்சலட்டை பரிமாறிக்கொள்வதும், வந்த அட்டைகளைப் போற்றித் தொகுத்து வைப்பதுமே அப்பழக்கம்.

"தாத்தா, கைப்பேசியில் ஒரு நொடியில் போகின்ற செய்தியை ஒரு மாதம் காத்திருந்து ஏன் அனுப்புகிறீர்கள்?" என்று என் பேரன் ஒருநாள் கேட்டான். நியாயமான கேள்விதான். அவனுக்கு நான் கூறிய விடையைச் சற்று விரித்துரைத்தால் அதுவே இன்றைய உரையாகிவிடும்.

முதலில் நம் வீடுகளிலிருந்தே தொடங்குகின்றேன். இங்கு அமர்ந்திருக்கும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் ஒவ்வொருவர் நினைவிலும் ஒரு கம்பி இருக்கும். அடியில் வட்டக் கட்டை, மேலே கூர்மையாக வளைந்த முனை. வந்த கார்டுகளையெல்லாம் படித்து முடித்ததும் அக்கம்பியில் குத்தி வைப்பார்கள். திருமணம் நிச்சயமான செய்தி, வயலில் நாற்று நட்ட செய்தி, கறவை மாடு கன்று ஈன்ற செய்தி, பிள்ளை தேர்வில் தேறிய செய்தி என்று ஒரு குடும்பத்தின் பத்தாண்டு வரலாறு அக்கம்பியில் அடுக்கடுக்காகத் தொங்கும். மங்கலச் செய்தியாயின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். இறப்புச் செய்தியாயின் படித்தவுடன் கிழித்துவிடுவார்கள். வீட்டிற்குள் வைத்திருக்கக் கூடாது என்பது வழக்கம். எழுத்து அறியாத பாட்டியும் மூலையில் மஞ்சள் இருப்பதைக் கண்டே முகம் மலர்வாள். படிப்பதற்கு முன்னரே பேசிவிடும் ஆற்றல் அந்தச் சிறிய அட்டைக்கு இருந்தது.

இவ்வளவு நமக்கு உரியதாகிவிட்ட அட்டை, பிறந்த இடம் ஆஸ்திரியா. 1865ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அஞ்சல் அதிகாரி ஹைன்ரிச் ஃபான் ஸ்டீபன் என்பார், உறையில்லாத திறந்த அட்டையில் செய்தி எழுதி அனுப்பலாம் என்ற கருத்தை ஓர் அஞ்சல் மாநாட்டில் முன்வைத்தார். அஃது அப்போது ஏற்கப்படவில்லை. 1869 ஜனவரியில் எமானுவேல் ஹெர்மன் என்னும் பொருளியல் பேராசிரியர் வியன்னா நாளிதழ் ஒன்றில் இதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார். நான்கு வரிச் செய்திக்குத் தாள், உறை, அரக்கு, நேரம் ஆகியவற்றை ஏன் செலவிட வேண்டும் என்பது அவர் கேள்வி. முகவரியும் கையொப்பமும் சேர்த்து இருபது சொற்களுக்குள் எழுதுவோர்க்குக் குறைந்த கட்டணம் போதும் என்றார். இருபது சொல் வரம்பை அஞ்சல்துறை ஏற்கவில்லை, மற்றதை ஏற்றது. 1869 அக்டோபர் 1ஆம் நாள் உலகின் முதல் அரசு அஞ்சலட்டை ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் விற்பனைக்கு வந்தது. கடிதத்திற்கு ஐந்து கிராய்ட்சர். அட்டைக்கோ இரண்டே கிராய்ட்சர்.

மறைவில்லாமல் எழுதிய செய்தியை வேலைக்காரர் படிப்பாரே, தபால்காரர் படிப்பாரே என்று அஞ்சியவர்களும் அன்று இருந்தார்கள். ஆயினும் மக்கள் அட்டையைக் கொண்டாடினர். ஓராண்டு கழித்து அதே அக்டோபர் 1இல் பிரிட்டன் அரைப் பென்னிக்கு அட்டை வெளியிட்டது. 1873இல் அமெரிக்கா ஒரு சென்ட்டுக்கு வெளியிட்டது. 1879 ஜூலை 1ஆம் நாள் இந்தியாவிற்கு அட்டை வந்தது. கடிதத்திற்கு அரையணா, அட்டைக்குக் காலணா. நம் முன்னோர் 'காலணா கார்டு' என்று வழங்கிய பெயர் அங்கிருந்து வந்ததே. இன்றும் நம் நாட்டிற்குள் அனுப்பும் சாதாரண அஞ்சலட்டையின் விலை ஐம்பது காசுதான். ஐம்பது காசுக்கு வேறெதுவும் கிடைக்காத காலத்தில், குமரி முனையிலிருந்து காஷ்மீர் வரை ஒரு செய்தியை மனிதக் கைகள் சுமந்து சென்று தருகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நாட்டுக்குள் அனுப்புவது இருக்கட்டும். நாடு விட்டு நாடு ஓர் அட்டை எப்படிச் செல்கிறது? 150 ஆண்டுகளுக்கு முன் அஃது எளிய செயலாக இருக்கவில்லை. ஒவ்வொரு நாடும் மற்ற நாட்டோடு தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொண்டது. கடிதம் செல்லும் வழிக்கேற்பக் கட்டணம் மாறும். இடையிலுள்ள நாடுகளும் பங்கு கேட்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்க 1874 அக்டோபர் 9ஆம் நாள் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அஞ்சலைப் பொறுத்தவரை உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒரே நிலப்பரப்பு என்பதே அதன் அடிப்படை. என் ஊரில் ஒட்டிய அஞ்சல்தலையை உலகம் முழுதும் ஏற்கும். பெறுபவர் மீண்டும் பணம் கட்ட வேண்டுவதில்லை. 1876இல் இந்தியாவும் அதில் இணைந்தது. இன்று உலக அஞ்சல் ஒன்றியத்தில் 192 நாடுகள் உள்ளன. அதன் அலுவல் மொழி பிரெஞ்சு. வான்வழி அஞ்சலில் ஒட்டும் நீலச் சீட்டில் 'பார் ஆவியோன்' என்று அச்சிட்டிருப்பதன் காரணம் இதுவே. பெர்ன் நகரில் 1909இல் நிறுவிய நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. ஐந்து கண்டங்களைக் குறிக்கும் ஐந்து உருவங்கள் பூவுலகைச் சுற்றி நின்று ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கடிதம் மாற்றிக்கொண்டிருக்கும். தம்முள் போரிட்ட நாடுகளும் அஞ்சலில் மட்டும் ஓர் ஊராய் இருக்க உடன்பட்டன என்பது மனித குலத்தின் நற்செயல்களுள் ஒன்று என்றே நான் கருதுகின்றேன்.

இனிப் பட அட்டையின் கதைக்கு வருவோம். தொடக்கத்தில் அட்டையின் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியது. செய்தியை மறுபக்கத்தில், படத்தின் ஓரத்தில் கிடைத்த இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். 1902இல் பிரிட்டன் முகவரிப் பக்கத்தை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்தது. இடப்பாதி செய்திக்கு, வலப்பாதி முகவரிக்கு. பிற நாடுகளும் பின்பற்றின. மறுபக்கம் முழுவதும் படத்திற்குக் கிடைத்துவிட்டது. அதன்பின் முதல் உலகப் போர் வரையுள்ள காலம் பட அட்டைகளின் பொற்காலம். சென்னையிலும் அன்று ஹிக்கின்பாதம்ஸ், வீலி அண்டு கிளைன் முதலிய நிறுவனத்தார் பட அட்டைகளை வெளியிட்டனர். மவுண்ட் ரோடு, கடற்கரை, கோயில்கள், தெருவில் தொழில் செய்யும் மக்கள் என்று அன்றைய தென்னகம் அவ்வட்டைகளில் பதிவாகியுள்ளது. 2018இல் இலண்டனில் சோவாஸ் கல்வி நிறுவனத்தின் காட்சிக்கூடத்தில், சென்னை, பெங்களூர் நகரங்களின் பழைய பட அட்டைகளையே வரலாற்றுச் சான்றாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். ஓலைச்சுவடியை ஆய்வது போல அட்டையையும் ஆயலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தொகுப்போர் உலகில் இன்னொரு வியப்பும் உண்டு. 1840இல் தியடோர் ஹுக் என்னும் ஆங்கில எழுத்தாளர், அஞ்சலக எழுத்தர்களைக் கேலி செய்து கையால் வரைந்த ஓர் அட்டை, உலகின் முதல் அஞ்சல்தலையான கறுப்புப் பென்னி ஒட்டப்பட்டு அவர் முகவரிக்கே வந்து சேர்ந்தது. அதனைத் தமக்குத் தாமே அவர் அனுப்பிக்கொண்டார் என்பது ஆய்வாளர் கருத்து. 2002ஆம் ஆண்டு ஏலத்தில் அது 31,750 பவுனுக்கு விலைபோயிற்று. என் பெட்டியிலுள்ள அட்டைகளுக்கு அத்தகைய விலை ஒருநாளும் கிடைக்காது. அதில் எனக்கு வருத்தமுமில்லை. அவற்றின் மதிப்பு வேறு வகையது.

பெரியோர்களே! முன்பின் அறியாதவரோடு அட்டை பரிமாறுவது எங்ஙனம் கைகூடுகிறது என்பதை இனி விளக்குகின்றேன். போர்த்துக்கல் நாட்டின் பிராகா நகரில் மினோ பல்கலைக்கழகத்தில் பயின்ற பாவுலோ மகல்யாய்ஸ் என்னும் இளைஞருக்கு அஞ்சலட்டை பெறுவதில் பேராசை. தம்மைப் போன்றோர் உலகில் பலர் இருக்க வேண்டும், அவர்களை இணைப்பது எப்படி என்று சிந்தித்தார். ஓய்வு நேரத்தில் தாமே ஓர் இணைய ஏற்பாட்டை உருவாக்கி, 2005 ஜூலை 14ஆம் நாள் தொடங்கினார். வீட்டில் துணி வைக்கும் அலமாரிக்குள் இருந்த ஒரு பழைய கணினியில்தான் முதலில் அஃது இயங்கியது. அதன் பெயர் போஸ்ட்கிராசிங். மூன்றே ஆண்டுகளில் அதன்வழிச் சென்று சேர்ந்த அட்டைகள் பத்து இலட்சத்தைத் தொட்டன. 2011இல் நெதர்லாந்து நாட்டு அஞ்சல் நிறுவனம் இவ்வியக்கத்தைச் சிறப்பித்து அஞ்சல்தலையே வெளியிட்டது.

அதன் முறை மிக எளியது. நாம் ஒரு முகவரி கேட்டால், ஏதோ ஒரு நாட்டிலுள்ள ஓர் உறுப்பினரின் முகவரியும் ஓர் அடையாள எண்ணும் கிடைக்கும். நமக்கு அந்த அன்பரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. அட்டையில் செய்தியோடு அவ்வெண்ணையும் எழுதி அனுப்ப வேண்டும். அட்டை கைக்குக் கிடைத்ததும் அவர் அவ்வெண்ணைப் பதிவு செய்வார். உடனே நம் முகவரி வேறொருவருக்குக் கொடுக்கப்படும்; அவர் நமக்கு எழுதுவார். தொடக்கத்தில் ஒரே நேரத்தில் ஐந்து அட்டைகளை மட்டுமே அனுப்பலாம். அனுப்பியவை சேரச்சேர அவ்வெண்ணிக்கை உயரும். அறுபது நாளில் சேராவிடில் அது காலாவதியானதாகக் கொண்டு, வேறொன்று அனுப்ப இடம் தருவர்.

இம்முறையில் என்னைக் கவர்ந்த ஒன்றைக் குறிப்பிட வேண்டும். நான் யாருக்கு எழுதினேனோ அவர் எனக்கு எழுத வேண்டிய கடன் இல்லை. நான் ஜெர்மனிக்கு அனுப்புவேன். எனக்குத் தைவானிலிருந்து வரும். தைவான் அன்பருக்குப் பிரேசிலிலிருந்து வரும். கொடுத்தவரிடமிருந்தே திரும்பப் பெற வேண்டும் என்ற கணக்கு இங்கில்லை. மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்கிறது என்று வள்ளுவர் ஒப்புரவு அதிகாரத்தில் வினவுகிறாரல்லவா? அந்த அதிகாரத்தைப் பலமுறை பாடமாக நடத்திய எனக்கு, அதன் நடைமுறைப் பாடம் அறுபது வயதில் அஞ்சலட்டை வழியே கிடைத்தது.

இனி எனக்கு வந்த அட்டைகள் சிலவற்றைப் பற்றிச் சொல்கின்றேன். அன்பர்கள் பெயரைச் சொல்வது முறையன்று. நாட்டை மட்டும் சொல்கின்றேன்.

ஃபின்லாந்தில் ஆர்க்டிக் வட்டத்தையொட்டிய ரொவானியெமி நகரிலிருந்து ஒரு செவிலியர் எழுதினார். அதற்கு முன் நான் அவருக்கு எழுதிய அட்டையில், எங்கள் இல்லத்தில் பொழுது சாயும் முன் உண்டு முடிப்பது வழக்கம் என்று குறிப்பிட்டிருந்தேன். அவர் எழுதிய நன்றி அட்டையில், "ஜூன் மாதத்தில் எங்கள் ஊருக்கு வாருங்கள், நள்ளிரவிலும் கதிரவன் மறையாது, நிதானமாக உண்ணலாம். டிசம்பரில் மட்டும் வந்துவிடாதீர்கள், காலை உணவு உண்பதற்குள் மாலையாகிவிடும்" என்று எழுதியிருந்தார். என் துணைவியார் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நம் வழக்கத்தை இத்துணை நட்போடு புரிந்துகொண்டவர், நம்மை ஒருமுறையும் கண்டதில்லை.

தைவானிலிருந்து ஒரு பள்ளி மாணவி எழுதினாள். அட்டையில் அவள் வீட்டருகே உள்ள தேயிலைச் சரிவின் படம். "இன்று எனக்குத் தேர்வு, சரியாக எழுதவில்லை, அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தாள். ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள ஒரு கிழ ஆசிரியனிடம் அந்தக் குழந்தை தன் மனத்தை இறக்கி வைத்தது. அறிந்தவரிடம் சொல்லத் தயங்குவதை அறியாதவரிடம் சொல்லலாம் போலும். "அம்மாவிடம் சொல்லிவிடு, அவர் ஏற்கெனவே அறிந்திருப்பார்" என்று பதில் எழுதினேன்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்து ஒரு விவசாயி மக்காச்சோள வயலின் படத்தை அனுப்பி, மழை பொய்த்ததை நான்கு வரியில் எழுதியிருந்தார். அந்த நான்கு வரியையும் எங்கள் தெருவில் எந்த உழவர் படித்திருந்தாலும் தாம் எழுதியதென்றே எண்ணியிருப்பார்.

நான் ஒவ்வோர் அட்டையின் தொடக்கத்திலும் தமிழ் எழுத்தில் 'வணக்கம்' என்று எழுதி, அதனருகே ஆங்கிலத்தில் ஒலிப்பைக் குறிப்பேன். நெதர்லாந்து நாட்டு அம்மையார் ஒருவர், 'நன்றி' என்னும் சொல்லை எங்கோ தேடிக் கண்டுபிடித்து, கோலம் பழகும் சிறுமிபோல நடுங்கும் கோடுகளால் வரைந்து அனுப்பினார். 'ன்' மேல் உள்ள புள்ளியை மறக்காமல் வைத்திருந்தார். என் மாணவர் பலர் மறந்த புள்ளி அது!

அன்பர்களே! இவையெல்லாம் இனிய செய்திகள். இப்பழக்கத்தின் ஆழத்தை எனக்கு உணர்த்திய செய்தி வேறொன்று. ஜெர்மனியில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர். ஓய்வு பெற்ற நூலகர். ஒரு முறை பரிமாறிய பின் இருவரும் உடன்பட்டு நேரடியாகவே எழுதிக்கொள்ளத் தொடங்கினோம். ஆண்டுக்கு நான்கைந்து அட்டைகள், ஆறு ஆண்டுகள். தம் சாளரத்தின் வெளியேயுள்ள ஆப்பிள் மரத்தைப் பற்றியே பெரும்பாலும் எழுதுவார். பூத்தது, காய்த்தது, இலையுதிர்ந்தது, பனி மூடியது. நான் எங்கள் வாசலிலுள்ள வேம்பைப் பற்றி எழுதுவேன். 2020இல் பெருந்தொற்றால் பன்னாட்டு அஞ்சல் நின்றபோது பல மாதங்கள் எதுவும் வரவில்லை. மீண்டும் தொடங்கியதும் முதலில் வந்த அட்டை அவருடையது: "மரம் நலம், நானும் நலம்."

ஓராண்டு கழித்து அதே முகவரியிலிருந்து ஓர் அட்டை வந்தது. கையெழுத்து வேறு. அவர் மகள் எழுதியிருந்தார். தாயார் மறைந்துவிட்டார் என்றும், இறுதி மாதங்களில் படுக்கையருகே ஒரு சிறு பெட்டியில் என் அட்டைகளை வைத்திருந்தார் என்றும், வேப்பமரம் எவ்வளவு உயரம் என்று எழுதிக் கேட்கச் சொன்னார் என்றும் அதில் இருந்தது. அட்டையின் படம் அந்த ஆப்பிள் மரம். மகளே எடுத்த ஒளிப்படம்.

இறப்புச் செய்தி வந்த அட்டையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று முன்னர்க் கூறினேனல்லவா? அவ்வழக்கத்தில் வளர்ந்தவன் நான். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தேன். வழக்கம் ஒன்றையும் விட்டுக்கொடுக்காத என் துணைவியார் அருகில் வந்து, அதை வாங்கிப் பார்த்து, "இதைக் கிழிக்க வேண்டாம். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இன்னும் நாம் பதில் சொல்லவில்லையே" என்றார். மறுநாள் நானும் பேரனும் கயிறு கட்டி மரத்தின் நிழலைக்கொண்டு உயரம் கணக்கிட்டோம். முப்பத்தெட்டு அடி. அதனை ஓர் அட்டையில் எழுதி மகளுக்கு அனுப்பினேன். அந்த அட்டையும் இந்த அட்டையும் எங்கள் தொகுப்பில் இல்லை. ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது, மற்றொன்று எங்கள் வீட்டுப் பூசை அலமாரியில் இருக்கிறது.

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் உறையூரிலும் பாண்டி நாட்டிலுமாக இருந்தவர்கள். வாழ்நாளில் ஒருவரையொருவர் கண்டவரல்லர். சோழன் வடக்கிருந்தபோது, ஆந்தையார் வருவார், அவருக்கு இடம் ஒழித்து வையுங்கள் என்றான். சுற்றியிருந்தோர் ஐயுற்றனர். அவரும் வந்தார். நட்புக்கு நெருங்கிப் பழகுதல் வேண்டுவதில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்னும் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக்காட்டினார். இப்பகுதியை மாணவர்க்கு நடத்தும்போதெல்லாம், இஃது எல்லார்க்கும் இயலாத அரிய நட்பு என்றே கூறி வந்தேன். அந்த உயரத்தை எட்டிவிட்டோம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் காணாத ஒருவர்க்காக மனத்தில் ஓர் இடம் ஒழித்து வைப்பது எளிய மனிதர்க்கும் இயலும் என்று இன்று கூறுவேன்.

இவ்வளவு இனிமையைச் சுமந்துவந்த அஞ்சல் வழி நிலைத்திருக்குமா என்பது இன்றைய கவலை. டென்மார்க் நாட்டில் 1624ஆம் ஆண்டு தொடங்கிய அஞ்சல் பணியின் வழிவந்த நிறுவனம், 401 ஆண்டுகளுக்குப் பின், 2025 டிசம்பர் 30ஆம் நாளோடு கடிதம் கொண்டுசேர்க்கும் பணியை நிறுத்திக்கொண்டது. அவ்வாண்டு ஜூன் முதலே தெருக்களில் நின்ற ஏறத்தாழ 1,500 சிவப்பு அஞ்சல் பெட்டிகளை அகற்றத் தொடங்கினார்கள். கடிதப் பணியைத் தனியார் நிறுவனமொன்று இப்போது செய்கிறது. மக்கள் எழுதுவது குறைந்தது; குறைந்ததால் செலவு கூடியது; கூடியதால் கட்டணம் உயர்ந்தது; உயர்ந்ததால் எழுதுவது மேலும் குறைந்தது. இச்சுழலில் எந்த நாடும் சிக்கக்கூடும். நம் நாட்டில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பான்மை சிற்றூர்களில் இருப்பவை. அவற்றை நிலைநிறுத்துவதற்கு நம்மால் இயன்ற சிறு பங்கு, எப்போதேனும் ஒரு கடிதம் எழுதுவதே. எங்கள் பகுதித் தபால்காரர் தெருமுனையிலேயே மிதிவண்டி மணியடித்து, "சார், இன்னைக்கு ஜப்பான்!" என்று அறிவிப்பார். அவர் ஓய்வு பெறும்போது அந்தக் குரலுக்கு ஒரு வாரிசு இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

என் பேரனுக்கு நான் தந்த விடையையும் இங்கே கூறிவிடுகின்றேன். கைப்பேசிச் செய்தி விரைவில் சேரும். அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆயினும் அட்டை எழுதும்போது உள்ளங்கை அளவு இடமே உண்டு. அழித்து எழுத வழியில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்று எண்ணிய பின்னரே பேனா இறங்கும். வெண்பாப் பயிற்சி போல அதுவும் ஒரு பயிற்சி. எழுதிய பின் அஞ்சற்பெட்டி வரை நடக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். அந்த ஒரு மாதமும் காணாத ஒருவரை நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். "அந்த நினைப்புக்காகத்தான் அனுப்புகிறேன்" என்றேன். அவன் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் வேம்பின் உயரத்தை அளந்த அன்று, அட்டையில் அந்த எண்ணைத் தானே எழுத வேண்டும் என்று வாங்கி எழுதினான்.

நிறைவாகச் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, உங்கள் வீட்டுப் பரணில் பழைய கார்டுக் கட்டுகள் இருக்குமாயின், பழைய பேப்பர் கடைக்கு எடை போட்டுவிடாதீர்கள். பாட்டனார் கையெழுத்து, அஞ்சல் முத்திரையிலுள்ள நாள், அன்றைய நெல் விலை, உறவுமுறைப் பெயர்கள் அனைத்தும் குடும்ப வரலாறு. ரப்பர் வளையம் போட்டுக் கட்ட வேண்டாம். அஃது இளகி ஒட்டிக்கொள்ளும். தாளுறையில் இட்டு, ஈரம் அண்டாத இடத்தில் வையுங்கள். எழுதியவர் யார், பெற்றவர் யார் என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தனித்தாளில் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, வெளிநாட்டு அன்பர்கள் "உங்கள் ஊரின் படம் அனுப்புங்கள்" என்றே பெரிதும் கேட்கிறார்கள். கடையில் கிடைப்பவை தாஜ்மகாலும் மாமல்லபுரமும்தான். போளூரை அடுத்த திருமலையில் பதினாறு அடி உயர நேமிநாதர் திருவுருவம் இருக்கிறது. சித்தன்னவாசலில் தாமரைக் குளத்து ஓவியம் இருக்கிறது. கழுகுமலையில் பாறை முழுவதும் சிற்பங்கள் இருக்கின்றன. இவற்றின் பட அட்டையைக் கடைகளில் தேடி நான் பலமுறை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். கெட்டியான தாளில் பதினைந்துக்குப் பத்து செண்டிமீட்டர் அளவில் அச்சிட்டால் போதும். பின்புறம் நடுவே ஒரு கோடு. நம் அறக்கட்டளையே பத்துப் படங்களைத் தேர்ந்து ஓர் அட்டைத் தொகுதி வெளியிட்டால், நம் ஊர்கள் உலகின் பல வீட்டுச் சுவர்களில் இடம்பெறும். இதனைச் செயற்குழுவின் கருத்துக்குப் பணிவோடு முன்வைக்கின்றேன்.

மூன்றாவது வேண்டுகோள் மாணவச் செல்வங்களுக்கு. இவ்வாண்டு அக்டோபர் 1, உலக அஞ்சலட்டை நாளன்று, ஒரே ஓர் அட்டை எழுதுங்கள். சிறுவர்கள் வெளிநாட்டிற்கு எழுதுவதாயின் பெற்றோர் துணையோடு, பெற்றோர் வழியாகவே எழுதுங்கள். முகவரியைத் தெளிவாக எழுதி, நாட்டின் பெயரைக் கடைசி வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பெரிய செய்தி வேண்டா. சாளரத்தின் வழியே என்ன தெரிகிறது, இன்று அம்மா என்ன சமைத்தார், மழை வந்ததா என்று எழுதுங்கள். வெளிநாட்டில் ஒருவரையும் அறியோம் என்பவர்கள், வெளியூரில் தனியே வாழும் பெரியப்பாவுக்கோ அத்தைக்கோ ஐம்பது காசு அட்டையில் எழுதுங்கள். நல்ல செய்தியானால் நான்கு மூலையிலும் கொஞ்சம் மஞ்சள் தடவ மறவாதீர்கள்.